ஐந்து மணித்தியாலச் சனிக்கிழமை

யாழ்ப்பாணம்
12.10.2025

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ அழுதாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோடு கதைக்கும்போது குரலை நன்றாகத்தான் வைத்திருந்தாய். லைன் விட்டுவிட்டு வந்ததால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. கடிதத்தில் எழுதினால் கணக்குப் பிழைக்காது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் காணி விஷயம். மருமகனை நீ பிரித்தானியாவுக்குக் கூப்பிடுவதற்காக அதை விற்போம் என்று முதலில் சொன்னவன் நான்தான். இப்போது வேண்டாம் என்று சொல்வதும் நான்தான். யாரும் சொல்லி மனம் மாறினேன் என்று நினைக்காதே. இரவு நித்திரை வராமல் எழும்பி, மிஞ்சிக் கிடந்த உன் கலியாணக் காட் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உன் சம்பளம் வருடத்துக்கு 27,500 பவுண். மனைவியோ கணவனோ ஒருவரைக் கூப்பிட அங்குள்ள குடிவரவுப் பகுதியினர் கேட்கும் வருட வருமானம் 29,000. வரி பிடிப்பதற்கு முந்திய தொகை. ஆகக் குறைவது 1,500. இதைச் சேமிப்பால் நிரப்பலாம் என்று விதியில் இருக்கிறது, அதைத்தான் நாம் இருவரும் பிடித்துக்கொண்டு தொங்கினோம். ஆனால் சேமிப்பில் முதல் 16,000 பவுணை அவர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த நாட்டில் 16,000க்கு மேல் கையில் வைத்திருப்பவருக்கு வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரச உதவி கிடையாது, அந்த எல்லையைத்தான் இதற்கும் எடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருப்பதை 2.5ஆல் பிரித்துத்தான் வருமானத்தோடு சேர்ப்பார்கள். 1,500ஐ 2.5ஆல் பெருக்கினால் 3,750. அதோடு 16,000. மொத்தம் 19,750 பவுண். நம் காசில் ஏறக்குறைய 80 இலட்சம். அதுவும் ஆறு மாதம் உன் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். நான் அன்பளிப்பாகத் தரலாம், ஆனால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். வட்டிக்கு எடுத்த காசு செல்லாது. இங்கிருந்து அவ்வளவு தொகையை வெளியே அனுப்ப மத்திய வங்கியின் கட்டுப்பாடுகள் வேறு.

1,500 பவுண் ஓட்டையை அடைக்க 80 இலட்சம்! முப்பது வருடம் வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன் நான். இப்படியொரு விண்ணப்பத்தோடு யாராவது வந்திருந்தால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சொந்தப் பிள்ளை என்றதும் மூளை வேலை செய்யவில்லை.

சரி, வேறு வழி என்ன? நீயே போனில் சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை வேலை. உனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, எந்த வேலையும் செய்யலாம். இரண்டு வேலையின் வருமானத்தையும் கூட்டலாம், இரண்டிலும் ஆறு மாதம் பூர்த்தியாகியிருந்தால் போதும். அங்கே இப்போது ஆகக் குறைந்த மணித்தியாலக் கூலி 12 பவுண் 21 பென்ஸ். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் செய்தாலே வருடத்துக்கு 1,900 சொச்சம் வரும். ஆனால் மூன்றோடு நிற்காதே, ஐந்து செய். மணித்தியாலக் கூலி என்றால் ஆறு மாதத்தில் கிடைத்ததன் சராசரியைத்தான் எடுப்பார்கள். ஐந்து மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 3,174. காய்ச்சல் வந்து நான்கு சனிக்கிழமை போகாவிட்டாலும் 2,600க்குக் கீழே இறங்காது. கூட்டிப் பார், 30,000 தாண்டும்.

கிழமையில் ஆறு நாள் வேலையா என்று அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறா. காணியை விற்கச் சொல்லியும் அவதான் நிற்கிறா. "பவுணில்தானே கேட்கிறார்கள், என் தாலிக்கொடியைக் கொடுத்தால் என்ன" என்று நேற்றுக் கேட்டா. பகிடியா, உண்மையாகவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ சொன்ன அந்தக் கடை முதலாளியின் யோசனை வேண்டவே வேண்டாம். நல்ல மனிதராக இருக்கலாம். வேலை செய்யாமலே பெயரைப் பதிந்து, வங்கியில் சம்பளம் போட்டு, காசைத் திருப்பி வாங்கிக்கொள்வது சின்ன உதவி போலத்தான் தெரியும். ஆனால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குக் கூற்று, முதலாளியின் கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவன் என்ன பார்ப்பான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்படித்தான் பார்த்தேன். சீட்டில் உள்ள தொகை, அதே தொகை, அதே திகதியை ஒட்டி வங்கியில் விழுந்திருக்கிறதா? விழுந்த மறுநாளே அவ்வளவும் வெளியே போயிருக்கிறதா? அங்கே வரித் திணைக்களத்தையும் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பிடிபட்டால் கறை உன் பெயரில் மட்டுமல்ல, மருமகனின் பெயரிலும் விழும்.

இந்தத் தொகை ஏன் இப்படி ஏறியது என்று கேட்டாய். 2012 ஜூலையில் 18,600 என்று கொண்டுவந்தார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி ஒரு எல்லை வைப்பது சட்டத்துக்கு மாறானது அல்ல, ஆனால் பிள்ளைகளின் நலனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தீர்ப்பு. பிறகு 2024 ஏப்ரல் 11இலிருந்து 29,000. முந்திய அரசு 38,700 வரை கொண்டுபோக நின்றது, இந்த அரசு அதை நிறுத்திவைத்திருக்கிறது. குடிவரவு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு போன ஜூனில் ஒரு அறிக்கை கொடுத்தது. 23,000க்கும் 25,000க்கும் இடையில் வைத்தாலே ஒரு குடும்பம் தன் காலில் நிற்கும் என்று அதில் இருக்கிறது. அப்படி வந்தால் உன் சம்பளமே காணும். ஆனால் அறிக்கை சட்டமாகும் வரை காத்திருக்காதே. நீ உன் சனிக்கிழமையைத் தொடங்கு.

மருமகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு கிளிநொச்சியிலிருந்து வந்து போனார். தன் ஆசிரியர் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். பத்து வருடம் கணிதம் படிப்பித்தவர், அந்தக் கணக்கில் தான் பூச்சியம் என்றால் யாருக்குத்தான் சுடாது? லண்டனில் வேலை தருகிறோம் என்று யாராவது கடிதம் கொடுத்தாலும் எண்ண மாட்டார்கள், வெளியில் இருந்து விண்ணப்பிப்பவருக்கு, வேலை வருமானம் என்றால் உன்னுடையது மட்டும்தான். அவருக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆங்கிலப் பரீட்சை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை. கட்டணத்துக்கு அவர் சேர்க்கட்டும். விண்ணப்பத்துக்கு 1,938 பவுண், சுகாதாரக் கட்டணம் 3,105, இரண்டும் சேர்ந்தால் இருபது இலட்சம் தாண்டுகிறது. அதில் பாதி தன்னுடையது என்றார். விட்டுவிடு, மறுக்காதே.

இனி உனக்குப் பிடிக்காத விஷயம். தைப்பொங்கலுக்கு நோ-பே லீவு போட்டு வருகிறேன் என்றாய். வராதே. மாதச் சம்பள வேலையில் ஆறு மாதத்தில் எந்த மாதம் ஆகக் குறைவோ அதை வைத்துத்தான் வருடக் கணக்குப் போடுவார்கள். இரண்டு கிழமைச் சம்பளம் வெட்டுப்பட்ட ஒரு சீட்டு உள்ளே போனால் நான் போட்ட கணக்கு முழுக்கக் கவிழும். நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கினால் மே மாதம் விண்ணப்பிக்கலாம். அதுவரைக்கும் சம்பளத்தோடு கிடைக்கும் லீவு மட்டும் எடு.

உன்னிடம் சொல்லாத ஒன்று. 1994இல் அம்மா சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போக வேண்டியிருந்தது. இங்கிருந்து வெளியே போகப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்குப் பிணை வேண்டும். நான்தான் பிணை. போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் ஊரை விட்டு அசைய முடியாது. கிளாலியில் இரவு வள்ளத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். நான்கு மாதம். கடிதம் ஒன்றுதான் வந்தது, அதுவும் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம். வங்கியில் மற்றவர்களுக்குப் பிணை எழுதி வாங்கும்போது அந்த நாட்களில் என் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

இன்று காலை கோண்டாவில் காணிக்குப் போய் வந்தேன். மேற்குப் பக்க வேலி விழுந்து கிடக்கிறது. கதியால் போட ஆள் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வருவார்.

நீ தொடங்கப்போகும் வேலையின் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. திகதி தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அப்பா