வாட்டர் வாஷுக்கு முன்னால் சேசிஸ் நம்பர்: பழைய கார் எடுக்கும் டீலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் நடத்தும் ஷோரூம்காரர்களுக்கும், பழைய கார் யார்டு வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு கார் உள்ளே வந்ததும் உங்கள் யார்டில் நடக்கும் முதல் வேலை வாட்டர் வாஷ். பானட்டைத் திறந்து பிரஷர் கன்னால் இன்ஜின் மேல் தண்ணீர் அடிப்பார்கள். காய்ந்ததும் பாலிஷ், அப்புறம் போட்டோ.

2021 செப்டம்பரில் மாருதி சுசுகி 1,81,754 பெட்ரோல் கார்களைக் குறை சரிசெய்யத் திரும்ப அழைத்தது. இதைத்தான் ரீகால் என்கிறோம். சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 எல்லாம் அதில் இருந்தன. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டை (மின்மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் பாகம்) சோதித்து, தேவைப்பட்டால் காசு வாங்காமல் மாற்றித் தருவது வேலை. அது முடியும்வரை தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டாதீர்கள், மின்சார, எலக்ட்ரானிக் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்றும் கம்பெனி கேட்டுக்கொண்டது. அந்த வேலை பாக்கி உள்ள எர்டிகா ஒன்று உங்களிடம் வந்தால், எதைச் செய்யாதே என்றார்களோ அதையே முதல் மரியாதையாகச் செய்து வரவேற்கிறீர்கள். வேண்டுமென்று செய்வதில்லை. யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது ஒன்றே. விலை பேசுவதற்கு முன்னால் சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலை முடிந்த பிறகே காரை விற்பனைக்கு நிறுத்துங்கள்.

ஏன் உங்களிடம் கேட்கிறோம்? ரீகால் கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் கம்பெனி ரெக்கார்டில் இருக்கும் பெயருக்கும் நம்பருக்கும் போகின்றன. பெரும்பாலும் அது காரைப் புதிதாக வாங்கியவருடையது. கார் இரண்டு கை மாறி, வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் ஆகிக்கொண்டிருந்தால், கம்பெனி எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பினாலும் ஓட்டுகிறவருக்கு வந்து சேராது. காரும், ஆர்.சி.யும், சர்வீஸ் புத்தகமும், விற்கிறவரும் ஒரே மேசையில் கூடுவது உங்கள் கவுன்டரில்தான். அந்த அரை மணி நேரம் நழுவினால், அடுத்து அந்தக் கார் எந்த ஊரில் யார் கையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வேல்யுவேட்டர் 150 பாயின்ட் செக் செய்கிறாரே என்பீர்கள். பெயின்ட் கனத்தை அளப்பார், டயர் தேய்மானம் பார்ப்பார், மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பார். ரீகாலுக்குக் காரணமான குறை அந்தப் பார்வைக்கு அகப்படுவது அபூர்வம். பெட்ரோல் பம்ப், அதாவது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பாகம், அதற்கான ரீகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்புக்குள் சுற்றும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர் பெட்ரோலை உறிஞ்சி நாளடைவில் உப்புகிறது, பக்கத்துச் சுவரில் உரசுகிறது, ஒரு நாள் நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் அணையும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. அதற்கு முந்தின நாள்வரை கார் பஞ்சு மாதிரி ஓடும். டெஸ்ட் டிரைவில் என்ன தெரியும்?

சரி, எப்படிப் பார்ப்பது? ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். 17 இலக்க சேசிஸ் நம்பர்தான் அடிப்படை. வண்டி விவரம் தேடும் ஆப்களில் அதன் கடைசி இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் ஆர்.சி. கார்டிலிருந்து எடுங்கள், பிறகு வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். எப்படியும் அந்த நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கப்போகிறீர்கள், தனி வேலை இல்லை. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் சேசிஸ் நம்பரில் வராது. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ மாதிரித் தெரிந்தால் ஒன்று. இந்த ஒரு எழுத்துத் தப்பால் "ரெக்கார்டு இல்லை" என்று வந்ததை "ரீகால் இல்லை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். முதல் மூன்று இலக்கமும் ஒரு சோதனை: மாருதி எம்ஏ3, ஹூண்டாய் எம்ஏஎல், ஹோண்டா எம்ஏகே, டாடா எம்ஏடி, மஹிந்திரா எம்ஏ1, டொயோட்டா எம்பிஜே. மாருதியின் பக்கத்தில் எம்ஏ3-க்குப் பின் வரும் 14 இலக்கங்களைப் போடச் சொல்வார்கள்.

கம்பெனி இணையப் பக்கத்தில் பார்ப்பது பாதி வேலைதான். சில பக்கங்கள் ஒரு குறிப்பிட்ட ரீகாலுக்கு மட்டும் பதில் சொல்லும், ஒரே காருக்கு இரண்டு மூன்று ரீகால் இருக்கலாம். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு, சேசிஸ் நம்பரைச் சொல்லி, பாக்கி கேம்பெயின் (ரீகாலுக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் பெயர்) எல்லாவற்றையும் கேளுங்கள். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு, அதாவது வேலைச் சீட்டு, திறக்கும்போது அது தானாகவே காட்டும். விற்கிறவர் "அதெல்லாம் அப்பவே பண்ணியாச்சு சார்" என்றால் கேம்பெயின் பெயரோ கோடோ போட்ட ஜாப் கார்டையோ பூஜ்ய ரூபாய் பில்லையோ காட்டச் சொல்லுங்கள். வாய்க்கணக்கு செல்லாது.

மாடல் வருஷத்தைப் பார்த்து "இது அந்த லாட் இல்லை" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா பெட்ரோல் பம்புக்காக 90,468 கார்களை அழைத்தபோது, அதே பம்பை உதிரிபாகமாக வாங்கிப் பொருத்தியிருந்த வேறு 2,204 பழைய கார்களையும் சேர்த்து அழைத்தது. வருஷத்தை வைத்துப் பார்த்தால் அவை பட்டியலிலேயே வராது.

சிக்கல் அதிகம் வருவது மாற்று கம்பெனி கார்களில். ஹூண்டாய் ஷோரூமுக்கு எக்ஸ்சேஞ்சில் ஹோண்டா வருகிறது. உங்கள் சிஸ்டத்தில் அதன் ரெக்கார்டு இல்லை, எதிர்க்கடைக்கு போன் போட யாருக்கும் மனமில்லை. அன்று சாயங்காலமே ஏலத்தில் புரோக்கருக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. விலை பேச வரும் வாடிக்கையாளரிடமே, "பழைய காரின் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ரீகால் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சர்வீஸ் ரெக்கார்டு அவர் பெயரில் இருக்கும்போது வேலை சுலபம். புதுக் கார் டெலிவரிக்கு எப்படியும் நாள் இருக்கிறது. பாகம் ஸ்டாக்கில் இல்லையென்றாலும் அந்த சேசிஸ் நம்பருக்கு ஆர்டர் போட்டு, ஆர்டர் சீட்டின் நகலைக் கோப்பில் வைக்கலாம்.

ரீகால் பாக்கியைக் காட்டி விலையைக் குறைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. குறைத்த தொகையைப் பையில் போட்டுக்கொண்டு, வேலையையும் செய்யாமல் அடுத்தவரிடம் முழு விலைக்கு விற்றால், அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை.

ஏர்பேக் விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். டகாட்டா கம்பெனியின் இன்ஃப்ளேட்டரில் (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பாகம்) வாயுவை உண்டாக்கும் பொருள் அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத வகைகளில், ஈரக்காற்றும் வெப்பத்தின் ஏற்ற இறக்கமும் வருஷக்கணக்கில் அதைக் கெடுக்கின்றன. கெட்டது எரியும்போது நினைத்ததைவிட வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் இரும்புக் கூடு வெடித்து, பையைக் கிழித்துக்கொண்டு சில்லுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கார் பழசாகப் பழசாக ஆபத்து கூடும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் வேக்காடு அதற்கு நல்லதல்ல. 2018 ஜனவரியில் ஹோண்டா இந்த இன்ஃப்ளேட்டருக்காக 2013-இல் தயாரான அக்கார்டு, சிட்டி, ஜாஸ் கார்கள் 22,834-ஐ அழைத்தது. அந்த வயதுக் கார்கள்தான் இன்று புரோக்கர் மைதானத்தில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஏர்பேக்கில் பேப்பரை மட்டும் நம்பவும் முடியாது. விபத்தில் ஒரு முறை விரிந்த பைக்குப் பதிலாக, உடைத்த காரிலிருந்து எடுத்த பழைய ஏர்பேக்கை மாட்டியிருக்கலாம். அந்த ஏர்பேக் எந்த வண்டியினுடையது என்று இந்த வண்டியின் சேசிஸ் நம்பர் சொல்லாது. சாவியை ஆன் செய்யுங்கள். எஸ்ஆர்எஸ் விளக்கு, அதாவது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு, எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஆயில் விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால், இரண்டு ஒயரையும் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விளக்கு ஒழுங்காக அணைந்தாலும், ஏர்பேக் கனெக்டரில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி கன்ட்ரோலரை ஏமாற்றும் வித்தை இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஸ்டியரிங் பேடைக் கழற்றி லேபிளைப் பார்க்கத்தான் வேண்டும். அதை வாட்டர் வாஷ் பையன் செய்யக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, பயிற்சி உள்ளவர்தான் கை வைக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளும் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் பார்த்து எழுதப்பட்டவை. தானாக முன்வராத கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம், அதுவும் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அமெரிக்காவில் ரீகால் பாக்கியோடு புதுக் காரை விற்கக் கூடாது. 2016 ஜூன் முதல் 35 அல்லது அதற்கு மேல் கார் வைத்திருக்கும் வாடகைக் கம்பெனியும் அப்படிப்பட்ட காரைக் கொடுக்கக் கூடாது. அங்கேயும் பழைய கார் டீலரைத் தேசியச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

ஆனால் உங்களைத் தொடும் விதி ஒன்று இங்கே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கார் ஒப்படைக்கப்பட்டதாகப் படிவம் 29சி ஏறிவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை உரிமையாளராகக் கருதப்படுவது டீலர்தான். அந்த நாட்களில் நடக்கும் விபத்துக்கும் பொறுப்பு உங்களுடையது. 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலருக்காக அழைத்தபோது, மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்றது. அன்று புத்தம் புதிதாக இருந்த அந்த ஆல்டோ கே10-களும் பலேனோக்களும் இப்போது எக்ஸ்சேஞ்சுக்கு வரும் வயதில் இருக்கின்றன. அப்படி ஒன்றை டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்தால், அந்த நேரத்துக்குச் சட்டப்படி அது உங்கள் கார்.

வேல்யுவேஷன் ஷீட்டில் இப்போது ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி மூன்றுக்கும் கட்டம் வைத்திருக்கிறீர்கள். அவற்றுக்கு மேலே மூன்று வரி சேருங்கள்: ரீகால் பார்த்த தேதி, சொன்ன ஒர்க்‌ஷாப், முடிந்த ஜாப் கார்டு நம்பர். காரை வாங்குகிறவருக்குக் கொடுக்கும் டெலிவரி நோட்டிலும் அதே மூன்று வரி இருக்கட்டும், கூடவே புது உரிமையாளரின் போன் நம்பரைக் கம்பெனி ரெக்கார்டில் ஏற்றியாயிற்றா என்று ஒரு கட்டம். அடுத்த ரீகால் எஸ்எம்எஸ் அந்த நம்பருக்குப் போகும்.

இப்படிக்கு,
கார் சர்வீஸிலும் மதிப்பீட்டிலும் வேலை பார்ப்பவர்கள்