மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மேடையில் சொல்லுங்கள்: சுகமளிக்கும் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஊழியர்களுக்கு,

ஸ்தோத்திரம். சுகமளிக்கும் கூட்டங்களில் நடப்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நடத்துகிறவர்களே நீங்கள்தான். எனவே நேராகக் கேட்கிறேன். ஜெபம் முடிந்ததும் மேடையிலிருந்து ஓர் அறிவிப்பு செய்யுங்கள்: மருத்துவர் சொல்லாமல் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. காணிக்கை அறிவிப்புக்கு ஆகும் நேரத்தில் தசமபாகம் போதும்.

என் சித்தி மகள் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவள். உங்களில் ஒருவர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்து, சுகமாகிவிட்டது என்று அறிவித்து, மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்தார். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை; உண்மைதான். ஆனால் அத்தனை பேர் கைதட்ட "சுகமானேன்" என்று சொன்னவள், மறுநாள் மாத்திரையை வாயில் போட்டால் தன் சாட்சியைத் தானே பொய்யாக்குவதாக நினைக்க மாட்டாளா? நிறுத்தினாள். வலிப்பு திரும்பியது. அதை வீட்டாரிடமே மறைத்தாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே விழுந்து நெற்றி உடைந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. முறையிட்டபோது கிடைத்த பதில், "விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள்." அவளுடைய சாட்சிக் காணொளி மட்டும் தளராமல் உங்கள் விளம்பரங்களில் இன்றும் ஓடுகிறது.

குணமானால் ஊழியரின் அபிஷேகம், ஆகாவிட்டால் நோயாளியின் அவிசுவாசம். இதை எங்கே கற்றீர்கள்? தன்னோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். அதற்காக அவனுடைய விசுவாசத்தை அவர் குறைசொல்லவில்லை. பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு நியாயப்பிரமாணப்படி அவர்களுடையது. கர்த்தரே பரிசோதனைக்கு அனுப்பினார். உங்கள் மேடையிலோ நோயாளி எழுந்து நின்றவுடனே தீர்ப்பு வந்துவிடுகிறது.

பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்தில், குணமானதாகச் சொல்பவர்களைப் பரிசோதிப்பதற்கென்றே 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. குணமடைந்ததாக ஆயிரக்கணக்கானோர் சொல்லியும், கத்தோலிக்கத் திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். உங்களுக்கு அது ஒரு வார இறுதிக் கணக்கு.

அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை, மத நம்பிக்கையின் பெயரால் மருத்துவம் கிடைக்காமல் இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. சிகிச்சை பெற்றிருந்தால் அவர்களில் 140 பேருக்குப் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அந்தக் குழந்தைகளும் விசுவாசத்தில் தளர்ந்தவர்களா?

தேவன் வெளிப்படுத்துகிறார் என்று நோயாளிகளின் பெயரையும் வியாதியையும் சொல்லிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் பீட்டர் போபாஃப், காதில் வைத்த கருவி வழியே மனைவி சொன்னதைத்தான் ஒப்பித்தார் என்பது 1986-இல் அம்பலமானது. மறு வருடம் திவாலானார். பிறகு தொலைக்காட்சிக்கே திரும்பியும் வந்தார்! வலிப்பு மட்டுமல்ல, இவர்களும் திரும்பி வருகிறார்கள்.

மன்னியுங்கள், கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. உங்கள் எல்லோரையும் அந்த மனிதரோடு சேர்க்கவில்லை. யாக்கோபு எழுதியபடி எண்ணெய் பூசி ஜெபியுங்கள், யாரும் தடுக்கவில்லை. என் சித்தி இன்றும் உபவாச ஜெபத்தைத் தவறவிடுவதில்லை. நானும் அவர் மகளுக்காக அவரோடு முழங்காலில் நிற்கிறேன், அவள் மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும், சாட்சி சொல்ல ஆட்களை மேடைக்கு அழைக்கும் முன்பே அறிவியுங்கள். அவளுடைய காணொளியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு விசுவாசி