முடிச்சுப் போட்ட கவர்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது. உள்ளே முழுக்க மடித்து வைத்த கவர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. நானும் துணிப்பை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். ஆனாலும் மீன், பூ, இட்லி மாவு என்று வாரத்துக்கு நாலைந்து கவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

வந்ததைத் தூக்கிப் போட மனசு வருவதில்லை. அலசி, கொடியில் காயப்போட்டு, கொத்தமல்லியை வேரை நறுக்கிவிட்டுச் சுற்றி வைக்கிறோம். சூடான எதையும் அதில் ஊற்றுவதில்லை. கறுப்பு கவரில் தின்கிற பொருளே வைப்பதில்லை. எதை எதையெல்லாம் உருக்கிச் செய்ததோ! இப்படி இரண்டு மூன்று தடவை. கைப்பிடி அறுந்ததும் குப்பைக் கூடைக்குப் போகிறது.

தப்பு அங்கேதான் நடக்கிறது. காய்த்தோல், டீத்தூள், மீன் செதில், மிச்சச் சோறு எல்லாம் போட்டு இறுக முடிந்து வாசலில் வைத்துவிடுகிறோம். குப்பை வண்டி காலை ஆறரைக்கு விசில் அடித்துக்கொண்டு வரும், நிற்காது. மாடியிலிருந்து வாளியோடு இறங்குவதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

போன மாதம் ஒரு நாள், தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். அவிழவில்லை. விரலை விட்டுக் கிழித்தார். புளித்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கையில் உறை இல்லை. கிழிக்காமல் விட்டால் உரக்கிடங்கில் காற்றுப் போகாமல் அப்படியே அழுகும் என்றார். வண்டிக்கு முன்னால் மாடு வந்துவிட்டால் இன்னும் மோசம். சோற்று வாசனைக்குக் கவரோடு சேர்த்து விழுங்கிவிடும்.

இதே சமையலறையில் பால் கவரை மட்டும் கழுவி, காயவைத்து, பத்திரமாகச் சேர்த்து வைக்கிறோம். பழைய பேப்பர் கடையில் அதற்கு எடைக்குக் காசு உண்டு. கேரி பேக்கை அவர்கள் தொடுவதில்லை.

அதனால் இரண்டு கோரிக்கைகள். வண்டி ஒவ்வொரு வாசலிலும் நின்று, கவர் இல்லாத வாளியிலிருந்தே ஈரக்குப்பையை வாங்கட்டும். அதற்கு ஆள் போதாதென்றால் கூடுதலாகப் போடுங்கள்; இருப்பவர்களை இன்னும் விரட்டாதீர்கள். அப்புறம், வாரத்தில் ஒரு நாள், அலசிக் காய்ந்த கவர்களை எடை போட்டு ஏதாவது ஒரு விலைக்கு வாங்குங்கள். அதற்கு வழியும் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், இந்த மாதிரிக் கழிவை நறுக்கி, சூடான ஜல்லியில் தூவித் தார்ச்சாலை போட வழி கண்டு, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். மீன் தண்ணீர் சொட்டும் கவர் அதற்கு உதவாது. சுத்தமாகக் காய்ந்தது வேண்டும். அது எங்கள் வீடுகளில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவிலேயே ஆரம்பியுங்கள். ஆணியில் தொங்குவதை முதல் நாளே இறக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுவாசி ஒருவர்