வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்: அயலகத் தமிழர் நல வாரியத்துக்குத் திறந்த மடல்

அயலகத் தமிழர் நல வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும், கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரன். 2003-இல் சவூதிக்குப் போனேன், 2020-இல் திரும்பினேன். தம்மாம், ஜுபைல், கடைசியில் ரியாத். சென்ட்ரிங் வேலை. என்னைப் போலத் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்து பேர் இருக்கிறோம். லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், காட்டுமன்னார்கோவில் பக்கமெல்லாம் போய்ப் பார்த்தால் இன்னும் எத்தனையோ பேர். வீடு பற்றித்தான் எழுதுகிறேன்.

2009-இல் லீவில் வந்தபோது, அப்பா கொடுத்த நாலு சென்ட் மனையில் பேஸ்மட்டம் போட்டேன். அடுத்த வருடம் அனுப்பிய பணத்தில் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, சன்னல்களின் மேல்மட்டத்துக்கு வந்தது. அதோடு நின்றது. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனின் வட்டி, தங்கச்சி கல்யாணம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் இருந்தார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் வந்தது. அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை ஊர் மறக்கவில்லை. எங்கள் கொட்டகையின் கூரை பறந்துபோய்ப் பக்கத்து வயலில் கிடந்தது. நான் ஜுபைலில் இருந்தேன். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை.

புயலுக்குப் பிறகு குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டித்தர அரசு முன்வந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு 1 லட்சம் வீடு, வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய். நல்ல காரியம். எங்கள் ஊரில் அப்படி எழும்பிய வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் வாசலுக்கும் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். என் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். "சவூதியில இருக்காருங்க." அவர் லிண்டல் வரை நின்ற செங்கல் சுவரைப் பார்த்தார். பேனாவை மூடினார். "நீங்களே கட்டிக்குவீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. வெளிநாட்டில் ஆள் இருந்தால் வீட்டில் பணம் இருக்கும் என்று ஊரே நம்புகிறது, அவரும் நம்பினார். அப்போது எனக்குச் சம்பளம் 900 ரியால். சாப்பாடு என் செலவு. அந்த 900-இல் வட்டிக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க அவரிடம் இருந்த படிவத்தில் கட்டம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கணக்கெடுப்பு வந்து போனது. ஒவ்வொன்றிலும் என் மனைவியிடம் அதே கேள்வி, அவளிடமிருந்து அதே பதில். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை வீடு கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை, அதற்காக நான் அவளைக் குறை சொன்னதும் இல்லை.

2020-இல் கொரோனா வந்தபோது கம்பெனி எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. அந்தக் கடைசிக் கம்பெனியில் மட்டும் 8 வருடம் வேலை பார்த்திருந்தேன். சவூதிச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சேவைப் பணமாகத் தர வேண்டும். எனக்கு ஐந்தரை மாதச் சம்பளம் வரவேண்டியது. அரபியில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணம் கணக்கில் ஏறும் என்றார்கள். ஏறவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் தளத்துக்குக் கம்பியும் சிமென்ட்டும் வாங்கியிருப்பேன்.

இப்போது எங்கள் வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? லிண்டலுக்கு மேல் தகரம் போட்டு உள்ளே குடியிருக்கிறோம். தூணுக்கு விட்ட கம்பிகள் 15 வருட மழையில் துருப்பிடித்து, கையால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கின்றன. தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் கம்பியை நம்பி இனி தளம் போட முடியாது. வடகிழக்கு மூலையில் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் ஒரு கோடாக இன்னும் தெரிகிறது.

2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம் அது, அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செங்கல் சுவருக்குள் தகரத்தின் கீழ் இருக்கிறவர்கள் குடிசைக்காரர்களா, வீட்டுக்காரர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் வாரியமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், உங்கள் துறையின் முழுப் பெயர் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை. அந்த 'மறுவாழ்வு' சும்மா வந்த சொல் இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும், 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் இதே அரசு வீட்டுக்கும் தொழிலுக்கும் கடன் கொடுத்துக் குடியமர்த்தியது. அவர்களுக்காகவே 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. தாயகம் திரும்பியவர்களுக்கு என்று தனியாக ஒரு வங்கியே கண்ட மாநிலம் இது. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வெறுங்கையோடு வருகிறவர்களுக்கும் ஒரு வழி செய்ய இந்த மாநிலத்துக்குத் தெரியாதா?

2021-இல் கொரோனாவால் வேலையிழந்து திரும்பியவர்கள் சிறுதொழில் தொடங்க இரண்டரை லட்சம் வரை மானியத்தோடு கடன் என்று அரசு அறிவித்தபோது மனம் நெகிழ்ந்தது உண்மை. 2024 ஜூனில் குவைத் மங்காஃப் தீவிபத்தில் இறந்த நம் ஆட்களின் உடல்களைக் கொண்டுவந்து சேர்த்து, குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் கொடுத்ததையும் மறக்கவில்லை. அந்தக் கை உயிரோடு திரும்பியவர்கள் பக்கமும் நீள வேண்டும்.

ரியாத் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவர் கேரளாவின் மலப்புரத்துக்காரர். மாதாமாதம் அவர்கள் ஊர்ப் பிரவாசி வாரியத்துக்கு, அதாவது வெளிநாடு போனவர்களுக்கான நல வாரியத்துக்குச் சந்தா கட்டுவார். ஐந்து வருடம் கட்டினால் 60 வயதில் ஓய்வூதியம். "உங்க நாட்டுல இல்லையா சேட்டா?" என்று கேட்பார். நம்மிடமும் மத்திய அரசின் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா 2012-இல் வந்தது. ஓய்வூதியத்துக்கும் ஊர் திரும்பிக் குடியமர்வதற்கும் அரசு தன் பங்கைப் போடும் திட்டம். எங்கள் கேம்பில் அதைக் கேள்விப்பட்டவரே கிடையாது. சேர ஆளில்லை என்று 2017-இல் மூடிவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர் வீட்டுக்காரர் வெளிநாடு என்ற சொல்லோடு பேனாவை மூடாமல், தலைக்கு மேல் என்ன கூரை இருக்கிறது என்று பார்க்கட்டும். பாதியில் நிற்கிற வீட்டைப் பொறியாளர் பார்த்துவிட்டு, சுவர் தாங்குமானால் தளத்துக்கு மட்டும் உதவியும், தாங்காதென்றால் புது வீட்டுக்கு உதவியும் தரட்டும். திரும்பியவர்களுக்குக் குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் வேண்டும். சம்பளச் சீட்டு கேட்டால் எங்களிடம் கிடையாது, எக்ஸிட் முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டும் மனைப்பட்டாவும்தான் இருக்கும். வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களைத் தனியாகக் கவனியுங்கள். எங்கள் தெருவில் அப்படி வந்த ஓர் அக்கா, அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு அண்ணன் பேரில் இருப்பதால் இப்போது வாடகைக்குக் குடியிருக்கிறார்.

மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசை போட்டு, வாரத்தில் ஒரு நாளாவது வாரியத்தின் ஆள் ஒருவர் உட்கார்ந்தால் போதும். பாஸ்போர்ட், பட்டா, குடும்ப அட்டை, ஆதார், அந்த அரபித் தாளின் நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அந்த நாள் எது என்று தெரிவித்தால் காலையிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
குறிஞ்சிப்பாடி பக்கத்துச் சென்ட்ரிங் தொழிலாளி ஒருவன்