ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு: பியானோ பழகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சி, எஃப், ஜி மூன்று மேஜர் கார்டும் (chord, மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது) கைக்கு வந்துவிட்டன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மட்டும் பாட்டு அறுந்து அறுந்து விழுகிறது என்று எழுதியிருந்தாய். உன் விரலில் குறையில்லை. மூன்றையும் மூன்று தனிப் படங்களாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய். அதனால் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குகிறாய், கட்டையைத் தேடுகிறாய், திரும்ப வைக்கிறாய். இனி கார்டைப் பழகாதே. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகிற வழியைப் பழகு.

வாய்ப்பாட்டு படித்தவன் நீ, அதனால் ஸ்வரத்திலேயே சொல்கிறேன். சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள். சி மேஜர் ஸ்கேல், அதாவது சி-யில் தொடங்கும் ஸ்வர வரிசை, சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். சி கார்ட் ஸ க ப. எஃப் கார்ட் ம த ஸ. ஜி கார்ட் ப நி ரி. மூன்றையும் சேர்த்துப் பார், ஏழு ஸ்வரமும் வந்துவிட்டன. அந்த ஸ்கேலில் நேராகப் போகும் எந்த மெட்டுக்கும் இந்த மூன்றை வைத்தே அடிப்படைத் துணை கொடுத்துவிட முடிவது இதனால்தான்.

இப்போது வலது கை. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. கட்டைகளின் நடுவில் இருக்கும் மிடில் சி-யில் தொடங்கி சி–ஈ–ஜி, விரல்கள் 1-3-5. எஃப் கார்டுக்காகக் கையைத் தூக்கி எஃப்-க்குத் தாவாதே. சி இரண்டு கார்டிலும் இருக்கிறது, கட்டைவிரல் அங்கேயே கிடக்கட்டும். ஈ பக்கத்து எஃப்-க்கும், ஜி பக்கத்து ஏ-க்கும் ஏறினால் சி–எஃப்–ஏ, மறுபடியும் 1-3-5. அடுத்து ஜி கார்டை பி–டி–ஜி என்று பிடி, இங்கே மட்டும் 1-2-5. பிறகு சி–ஈ–ஜி. முழுச் சுற்றிலும் கை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இதில் எஃப்-லிருந்து ஜி-க்குப் போகும் இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த இரண்டுக்கும் பொதுக் கட்டை ஒன்றுகூடக் கிடையாது. மூன்று விரலும் நகர வேண்டும், நடுவிரல் வேலையை ஆள்காட்டி விரல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு கார்டை மட்டும் தனியாக எடுத்துப் பத்து முறை போய் வா. இடது கையில் எஃப் ஒற்றைக் கட்டையிலிருந்து ஜி-க்கு மேலே ஏறு. அதே நேரத்தில் வலது கையின் மூன்று ஸ்வரமும் கீழே இறங்கும். எதிரெதிராக நகர்வதால் வலது கையின் மூன்று ஸ்வர ஓட்டம், இடது கையின் ஒன்று, ஆக நாலு குரலும் தனித்தனியாகக் காதில் விழும். எஃப்–ஏ–சி, ஜி–பி–டி என்று கையை அப்படியே மேலே தள்ளினால் ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நகரும். ஹார்மனி (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வகுப்பில் இணை ஐந்தாம் ஸ்வரங்களை, அதாவது ஸ–ப தூரத்தில் உள்ள இரண்டு குரல் அதே தூரத்தில் ஒரே பக்கம் நகர்வதை, தவிர்க்கச் சொல்வது இதற்காக. ராக் கிடாரில் அந்தக் கட்டியான ஒலிதான் வேண்டும், அது வேறு கணக்கு.

அடுத்து ஒரு பயிற்சி, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதே. சி, எஃப், ஜி, மறுபடி சி என்று நாலு கார்டையும் கையால் வாசித்துக்கொண்டே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடு. மேல் குரல் ப த ப ப. நடுக் குரல் க ம ரி க. கீழ்க் குரல் ஸ ஸ நி ஸ. இடது கை ஸ ம ப ஸ. மேல் குரலைப் பாடுவது சுலபம். நடுக் குரலில்தான் வாய் மேல் குரலோடு ஓடிவிடும். அது ஓடாமல் நிற்கிற அன்றைக்கு ஹார்மனி உன் காதுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுக் குரல் நிலைத்த பிறகு, ஜி கார்டில் டி-யை எடுத்துவிட்டு எஃப்-ஐச் சேர்: பி–எஃப்–ஜி, விரல்கள் 1-4-5. இது ஜி செவன்த், ஜி-யிலிருந்து எண்ணினால் ஏழாவதான எஃப் சேர்ந்த கார்ட். நடுக் குரல் இப்போது க ம ம க என்று இன்னும் வழுவழுப்பாகப் போகும். இந்தக் கார்டில் நிறுத்திவிட்டுக் காத்திருந்து பார், நிம்மதியே இருக்காது. நி அரை ஸ்வரம், அதாவது ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்கு, ஏறி ஸட்ஜத்தில் உட்காரத் துடிக்கிறது, ம அரை ஸ்வரம் இறங்கிக் காந்தாரத்தில் உட்காரத் துடிக்கிறது. சி கார்டுக்குத் திரும்பும்போது வருகிற அந்த ‘வீடு வந்த’ உணர்வு இந்த இரண்டு அரை ஸ்வரங்களிலிருந்து வருவது.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வை, ஒரு கார்டுக்கு நாலு தட்டு. மூன்றாவது தட்டிலேயே அடுத்த கார்ட் மனதில் தயாராக இருக்க வேண்டும், கட்டையைப் பார்ப்பதும் அப்போதே. நாலு சுற்று பிசகாமல் வந்தால் 64-க்குப் போ. மூன்று ஸ்வரமும் ஒன்றாக விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே இரு. பெரும்பாலும் கட்டைவிரல் முந்தும், சுண்டுவிரல் மெலியும். சுண்டுவிரலைக் கொஞ்சம் அழுத்தி, மற்ற இரண்டையும் மெதுவாகத் தொட்டு வாசித்தால் மேல் குரல் பாட்டாகக் கேட்கும்.

இடது கையில் முழுக் கார்டைக் கீழே கொண்டுபோய் வைக்காதே. மிடில் சி-க்கு இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி சுமார் 65 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள ஈ சுமார் 82. இடைவெளி 17 ஹெர்ட்ஸ்தான், காதால் இரண்டையும் பிரிக்க முடியாமல் உறுமலாகக் கேட்கும். மிடில் சி-யில் அதே ஜோடிக்கு நடுவே 68 ஹெர்ட்ஸ் இடைவெளி, அதனால் தெளிவு. கீழே ஒற்றைக் கட்டை, அல்லது ஆக்டேவ், அல்லது ஸ–ப போதும்.

ஒலியை நீட்டிக்கும் வலது பெடலைக் கடைசியில் தொடு. புதுக் கார்ட் விழும் கணத்தில் கால் மேலே வர வேண்டும், விழுந்த பிறகு மறுபடி அழுத்த வேண்டும். கையும் காலும் சேர்ந்து இறங்கினால் பழைய கார்ட் புதியதோடு கலந்துவிடும். கீபோர்டு என்றால், ஒரு விரலில் கார்ட் கொடுக்கும் ஆட்டோ வசதியை அணைத்து வை. குரல்கள் நகரும் வேலையை அதுவே செய்துவிட்டால் உன் கைக்கு ஒன்றும் சேராது.

ஸ்ருதியை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனும் வேண்டாம். ஸட்ஜத்தை மாற்று, ஸ்வரம் மாறாது. ஃப்ளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே. எஃப்-ஐ ஸட்ஜமாக வைத்தால் எஃப்–ஏ–சி, எஃப்–பி ஃப்ளாட்–டி, ஈ–பி ஃப்ளாட்–சி (கடைசியது செவன்த் கார்ட்). ஜி-யில் ஜி–பி–டி, ஜி–சி–ஈ, எஃப் ஷார்ப்–சி–டி. ஜி-யில் கட்டைவிரல் கருப்புக் கட்டைக்குப் போக வேண்டியிருக்கும். விரலை மட்டும் நீட்டினால் மணிக்கட்டு கோணிக்கொள்ளும், கை முழுவதையும் மூடிப் பக்கம் கொஞ்சம் உள்ளே நகர்த்து. வாரத்துக்கு ஒரு ஸ்கேல் போதும்.

பிறகு ஏ மைனர். ஏ–சி–ஈ, ஏ–டி–எஃப், ஜி ஷார்ப்–டி–ஈ, மறுபடி ஏ–சி–ஈ. விரல்கள் அதேதான். இது கீரவாணி ராகத்தின் ஸ்வரக் கட்டு. ஒரே ஒரு தடவை ஜி ஷார்ப்புக்குப் பதில் வெள்ளை ஜி-யை வாசி, அதாவது நடபைரவி ராகத்தின் நிஷாதத்தை. கார்ட் வீட்டுக்குத் திரும்பும், ஆனால் இழுத்துக்கொண்டு திரும்பாது. இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, எது எங்கே உனக்கு வேண்டும் என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
அண்ணன்