துயரத்துக்குப் போய்ச் சேரும் பாராட்டு

கவிதை கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஒரு கவிஞரை அறிமுகப்படுத்தும்போது முதலில் அவர் பட்ட பாட்டைத்தான் சொல்கிறீர்கள். நோய், வறுமை, இளவயது மரணம். பிறகு கவிதை வருகிறது, அந்தத் துயரம் ஈன்ற பிள்ளையைப் போல. கவிதை எழுதுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த வரிசை பிழையானது, ஆபத்தானதும்கூட.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1818 டிசம்பரில் தம்பி டாம் காசநோயில் இறந்தார். அடுத்த ஆண்டிலேயே கீட்ஸின் மிகச் சிறந்த பாடல்கள் பிறந்தன. இரண்டையும் ஒட்டவைத்து, துக்கம் கவிதையாயிற்று என்று முடித்துவிடுகிறோம். ஆனால் 1820 பிப்ரவரியில் அவருக்கே இருமலில் ரத்தம் வந்தது. மருத்துவம் பயின்றவர், அதன் பொருள் அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் உயிரோடிருந்த ஓராண்டில் புதிதாகப் பெரிய படைப்பு எதையும் அவர் எழுதவில்லை. துயரம்தான் மேதைமையைத் தரும் என்றால், அந்த ஆண்டல்லவா அவருடைய உச்சமாக இருந்திருக்க வேண்டும்? ரோமில் இறந்தபோது வயது 25.

1819-இல் அவருக்குக் கைகொடுத்தது அதுவரை செய்திருந்த உழைப்பு. முந்தைய ஆண்டு வந்த, நாலாயிரம் வரிக்கு மேற்பட்ட நெடுங்கவிதையை விமர்சகர்கள் குதறினார்கள். அதன் குறைகளை அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டு, மேலும் எழுதினார். அவர் கைப்பட்ட தாள்களில் அடித்தும் திருத்தியும் கிடக்கும் சொற்கள் இன்றும் இருக்கின்றன. மாணவர்களுக்கு அவற்றைக் காட்டுங்கள்.

ஆன்மா உருவாகத் துன்பம் தேவை என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் அங்கே உலகத்தை அவர் பள்ளிக்கூடம் என்கிறார். பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதுமா? உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியது பிள்ளைதானே.

பாரதியின் வறுமையையும் இப்படித்தான் அலங்கரிக்கிறோம். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகே, 1924-இல் அச்சேறியது. கஷ்டம் அவருக்கு வரமாக இருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

மருந்து சாப்பிட்டால் கவிதை போய்விடுமோ என்று பயப்படும் இளைஞர்களை நான் அறிவேன். அந்தப் பயத்துக்கு நாம் சொல்லிக்கொடுத்த கதைகளும் காரணம். மனம் நொறுங்கிய ஒரு பிள்ளை கவிதையோடு உங்களிடம் வந்தால், வரிகளைப் பாராட்டும் முன் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். கவிதையை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு கவிஞன்