ரிப்பன் வெட்டும் முன் ஒரு எண்ணைச் சொல்லுங்கள்

இங்கிலாந்தின் பெருநகரப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளாட்சிகளான 36 மெட்ரோபாலிடன் பரோக்களின் கவுன்சிலர்களுக்கு, முக்கியமாக ஊர் மையத்தைப் புதுப்பிக்கும் திட்டங்களுக்குக் கை தூக்கப் போகிறவர்களுக்கு,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேனே என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் கடிதங்களின் கடைசிப் பக்கத்தில், உங்கள் மொழியில் வேண்டுமென்றால் இந்தத் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எட்டுப் பத்து மொழிகளில் அச்சடித்திருப்பீர்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பட்டியலில் நானும் தமிழைத் தேடுகிறேன். சரி, நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என் ஊர் எது என்று சொல்லப் போவதில்லை. பென்னைன் மலைகளுக்குப் பக்கத்தில், செங்கல் வரிசை வீடுகளும் பழைய பஞ்சாலைப் புகைபோக்கிகளும் விடாத தூறலுமாக இருக்கும் ஊர் என்றால் உங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது "நம்மைத்தான் சொல்கிறானோ" என்று தோன்றும். தோன்றட்டும்.

எங்கள் சதுக்கத்தில் சில வருடங்களுக்கு முன் கருங்கல் பாவினார்கள். அளந்து வெட்டிய சாம்பல் நிறக் கல், மழையில் நனைந்தால் பளபளக்கும், நானே போன் எடுத்துப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் ஏறி ஏறி இரண்டே குளிர்காலத்தில் கற்கள் பிளந்தன. ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்து பிளந்த கற்களைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தாரைக் கொட்டி மட்டம் தட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கதவின் அகலத்துக்குக் கறுப்பாக இன்றும் கிடக்கிறது, பட்டுப் புடவையில் சாக்குத் துணியால் ஒட்டுப் போட்டதுபோல. ஏன் இப்படி என்று ஒரு கவுன்சிலரிடம் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: கல் வாங்கிய காசு ஒரு கணக்கு, உடைந்த கல்லை மாற்றும் காசு வேறு கணக்கு, முதல் கணக்கில் இருந்தது, இரண்டாவதில் இல்லை.

எனக்கு எல்லாமே விளங்கியது அன்றைக்குத்தான். கட்டுவதற்கான மூலதனப் பணம் லண்டனிலிருந்து ஏதாவது ஒரு நிதியின் பெயரில் வரும், இல்லையென்றால் கடன் வாங்குவீர்கள். கட்டியதைக் கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, ஆள் வைத்து நடத்துவதற்கான பணம் வீட்டுக்கு வீடு நாங்கள் கட்டும் கவுன்சில் வரியிலிருந்தும் ஆண்டு மானியத்திலிருந்தும் வர வேண்டும். முதலாவதை எடுத்து இரண்டாவதற்குச் செலவழிக்கச் சாதாரணமாக விதி இடம் கொடுக்காது. அதனால்தான் நூலகத்தைச் சனிக்கிழமை பூட்டிவிட்டு, அதே தெருவில் புதுக் கல் பாவும் கவுன்சிலைப் பார்க்கும்போது எங்களுக்கு உங்கள் மேல் எரிச்சல் வருகிறது, உங்களுக்கோ அதில் ஒரு முரண்பாடும் தெரிவதில்லை.

பர்மிங்காமை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 செப்டம்பரில் சுமார் 18.9 கோடி பவுண்ட் செலவில் புது நூலகம் திறந்தார்கள். உயிருக்குப் போராடிய நிலையில் அந்த நகரத்து மருத்துவமனைக்கு வந்து பிழைத்து எழுந்த மலாலா யூசுஃப்சாய் வந்து திறந்து வைத்தார். வெளிச்சுவர் முழுக்க வளையம் வளையமாக உலோகப் பின்னல், உள்ளே சுற்றிச் சுற்றி மேலே போகும் புத்தக அடுக்குகள், இன்றைக்கும் போய் நின்றால் அண்ணாந்து பார்த்தபடியே இருக்கலாம். திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2015இல், வாரத்துக்கு 73 மணி நேரம் திறந்திருந்த அந்த இடத்தை 40 மணி நேரமாகக் குறைத்தார்கள், ஊழியர்களையும் குறைத்தார்கள். கட்டடத்துக்கு வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. அந்தக் கட்டடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடா வருடம் அதை நடத்த என்ன ஆகும் என்று வரைபடம் போட்ட நாளிலேயே யாரோ ஒருவர் கணக்குப் போட்டிருப்பார் அல்லவா, அந்தத் தாள் எங்கே போனது என்றுதான் கேட்கிறேன்.

பிராட்ஃபோர்டில் வேறு மாதிரி. அங்கே ஒரு வணிக வளாகம் கட்டப் போகிறோம் என்று 2004இல் நகர மையத்தை இடிக்கத் தொடங்கினார்கள், பிறகு பொருளாதாரம் சரிந்தது, வளாகம் திறந்தது 2015 நவம்பரில். இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நகரத்தின் நடுவே ஒரு பள்ளத்தைப் பார்த்தபடியே வளர்ந்தார்கள். அதே நகரத்தில் 1930இல் திறந்த பழைய திரையரங்கம் ஒன்று, கடைசியாக ஓடியன் என்ற பெயரில் இருந்து 2000இல் மூடியது. கவுன்சில் 5 கோடி பவுண்டுக்கு மேல் போட்டு அதை அழகாக மீட்டெடுத்தது. 2024இல் கட்டடம் தயார், ஆனால் நடத்த ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் விலகிவிட்டது. 2025இல் பிராட்ஃபோர்ட் பிரிட்டனின் பண்பாட்டு நகரம், விழா ஆண்டு தொடங்கிய ஜனவரியில் நகரத்தின் மிகப் பெரிய புது அரங்கம் பூட்டிக் கிடந்தது. வேறொருவர் நடத்த வந்த பிறகுதான் கதவு திறந்தது. மண்டபம் கட்டி, பத்திரிகையும் அடித்துவிட்டுச் சமையல்காரரைத் தேடுவது என்று எங்கள் பக்கம் சொல்லுவோம்.

இதில் உங்கள் தவறு பாதிதான் என்பதும் எனக்குத் தெரியும். மீதிப் பாதி லண்டனில் இருக்கிறது. 1974இல் உங்களை உருவாக்கினார்கள், 1986இல் உங்களுக்கு மேலே இருந்த கவுண்டி கவுன்சில்களைக் கலைத்தார்கள், அவர்கள் பார்த்துவந்ததில் பெரும்பங்கு உங்கள் தலையில் விழுந்தது. கவுன்சில் வரி 1991 ஏப்ரலில் ஒரு வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்து இன்னும் ஓடுகிறது. போன மாதம் கட்டி முடித்த வீட்டுக்கும் 1991 விலையைக் கற்பனை செய்து ஏ முதல் எச் வரை ஒரு விலைப் பட்டை ஒதுக்குகிறார்கள், இதை என் அம்மாவுக்கு விளக்கப் பார்த்து நான் தோற்றுப்போனேன். டி பட்டை வீட்டுக்காரர் 9 பவுண்ட் கட்டும் இடத்தில் ஏ பட்டைக்காரர் 6 கட்டுகிறார், எச் பட்டைக்காரர் 18. எங்கள் மாதிரி ஊர்களில் தெருத் தெருவாக ஏ பட்டை வீடுகள்தான். ஆக, வசதியான தெற்கத்தி கவுன்சிலும் நீங்களும் ஒரே 5 சதவீதம் ஏற்றினாலும் உண்டியலில் விழுவது ஒன்றல்ல. வந்த காசிலும், பள்ளிச் செலவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் முதியோர் பராமரிப்புக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் போகிறது. அது சட்டக் கடமை, கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மிச்சம் இருப்பதில்தான் பூங்கா, நூலகம், தெருக் கூட்டுதல், கழிப்பறை எல்லாம். பொதுக் கழிப்பறை வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் முதலில் பூட்டுவது அதைத்தான். எழுபது வயதுப் பாட்டி ஏன் கடைத்தெருவுக்கு வருவதில்லை என்று ஆலோசனை நிறுவனம் வைத்து அறிக்கை எழுத வேண்டியதில்லை.

இன்னும் முடியாத நிலை வந்தால் அரசு தருவதன் பெயர் "சிறப்பு நிதி உதவி". பெயரைக் கேட்டால் காசு வருகிறது என்று தோன்றும். உண்மையில் அது, சொத்தை விற்றோ கடன் வாங்கியோ தினசரிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. தாலிச் சங்கிலியை அடகு வைத்து மளிகை வாங்கு என்று சொல்வதற்கு உதவி என்று பெயர். பர்மிங்காம் 2023 செப்டம்பரில் கையை விரித்தது, அடுத்த ஏப்ரலில் அங்குள்ளவர்களுக்கு வரி 9.99 சதவீதம் ஏறியது, அதற்கு அடுத்த வருடம் மறுபடி 7.49. பிராட்ஃபோர்டுக்கும் 2025இல் 9.99. அப்புறம் அந்த நிதிப் போட்டிகள்! பின்தங்கிய ஊர்களைத் தூக்கிவிட அரசு அறிவித்த "லெவலிங் அப்" நிதிக்குப் பரோக்கள் ஆள் வைத்து, படம் வரைந்து, நூறு பக்க விண்ணப்பம் எழுதின. முதல் சுற்றில் கிடைத்தவர்களுக்கு இரண்டாம் சுற்றில் கிடையாது என்பது விண்ணப்பம் எல்லாம் போன பிறகுதான் தெரிய வந்தது. 2023 ஜனவரியில் முடிவு வந்தபோது அப்போதைய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் ஆண்டி ஸ்ட்ரீட், ஆளுங்கட்சிக்காரராக இருந்தும், இதைத் திருவோடு ஏந்தும் முறை என்று வெளிப்படையாகவே சாடினார். கட்டுவதற்கு மட்டும் காசு தருகிற நிதி வந்தால், கட்டுவதற்கு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கத்தானே செய்வீர்கள். அது புரிகிறது.

புரிந்தும் ஏன் இந்தக் கடிதம் என்றால், சனிக்கிழமை.

எங்கள் கிளை நூலகத்தின் மாடியில் ஒரு அறை உண்டு. பச்சைக் கம்பளம், ஒரு பக்கம் மட்டும் சூடாகும் ரேடியேட்டர், சுவரில் 1960களின் ஊர் வரைபடம். ஆறு வருடம் சனிக்கிழமை காலைகளில் அந்த அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, பதினைந்து பதினாறு பிள்ளைகளுக்கு "அ" போடச் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகளை மேலே விட்டுவிட்டு அப்பா அம்மாக்கள் கீழே கணினியில் விசா விண்ணப்பம் நிரப்புவார்கள், கவுன்டரில் இருந்த அம்மா எங்கள் பிள்ளைகள் பெயர் அத்தனையும் சரியாகச் சொல்லுவார், "ழ" உட்பட, அதில் சிலரின் பெற்றோரே தடுமாறுவார்கள். போன வருடம் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: சனிக்கிழமை இனி கிடையாது, வாரத்தில் மூன்று நாள், மாலை 4 மணி வரை. வேலைக்குப் போகிறவனும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் ஒருபோதும் வர முடியாத நேரமாகப் பார்த்து யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். கருத்துக் கேட்பு நடத்தினோம் என்றார்கள். நடத்தினார்கள்தான், இணையத்தில், ஆறு வாரம். அந்த நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இணையம் இல்லாததால்தான் அங்கே வருகிறார்கள்.

அந்தத் தாள் ஒட்டிய அதே மாதம், சந்தைக் கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தின் படங்கள் சதுக்கத்தைச் சுற்றித் தட்டியில் ஏறின. எல்லாப் படத்திலும் வெயில். ஒரு பெண் பலூன் வைத்திருக்கிறாள். குடை வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை, எந்த ஊரில் எடுத்த வெயிலோ.

சரியாகச் செய்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பார்ன்ஸ்லி தன் மைய நூலகத்தை 2019இல் ஊர் நடுவே சதுக்கத்துக்கே கொண்டுவந்தது, 2022இல் வணிக வளாகத்துக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யும் மையம் வந்தது. முட்டியைப் படம் எடுக்க வந்தவர் போகிற வழியில் சந்தையில் இறைச்சி வாங்கிப் போகிறார். ஸ்டாக்போர்ட் 1840இல் கட்டிய ரயில் பாலத்தின் அடியில் 2024 மார்ச்சில் பேருந்து நிலையம் திறந்தது, அதன் கூரையிலேயே ஒரு பூங்கா. கூரைமேல் புல் வளர்ப்பது கொஞ்சம் ஆடம்பரம்தான், எனக்கும் அப்படித்தான் பட்டது, போய்ப் பார்க்கும்வரை. பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் சாண்ட்விச்சோடு மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள் எப்படியும் வர வேண்டிய வேலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு அழகைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எந்தத் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தாலும், கட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் நடத்தும் செலவையும் போடச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு, வருடம் வருடமாக. யார் நடத்துவார்கள், அவர்கள் விலகினால் யார், அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும், அந்தத் தலைப்பில் இன்று ஓடிக்கொண்டிருப்பது எது குறையும் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "செயல்திறன் மேம்பாட்டின் மூலம்" என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள், அப்படி எழுதினால் ஏதோ ஒரு நூலகம் மூடப் போகிறது என்று எங்களுக்கே இப்போது பழகிவிட்டது. எண் பெரிதாக இருந்தால் இருக்கட்டும். கல்லுக்குப் பதில் சிமெண்ட் பலகை போடலாம் என்று அப்போதே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

எங்கள் சந்தைக் கூடத் திட்டம் அடுத்த மாதம் உங்கள் கூட்டத்துக்கு வருகிறது. 212 பக்க அறிக்கை, முழுக்கப் படித்துவிட்டேன், முகப்புக் கண்ணாடிக்கு மட்டும் ஒன்பது பக்கம். அந்தக் கண்ணாடியை யார் துடைப்பார்கள் என்று எங்கேயும் இல்லை. பார்வையாளர்கள் பேச மூன்று நிமிடம் தருவீர்களாமே, பெயர் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏ பட்டை வீட்டுக்காரன் ஒருவன்